டேலியாக்கள் லேசாகத் தின்னப்பட்டன

ஐம்பதுகளின் நடுவில், இலங்கை மலைநாட்டில் நோர்வூட்டுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் நான் சின்னக் கிளாக்கராக இருந்தேன். அந்தத் தோட்டத்தில் ஆங்கிலத்தில் யாரும் எதையும் செய்ததில்லை. எல்லாம் செய்யப்பட்டன, அவ்வளவுதான். மண்வெட்டி தொலைக்கப்பட்டது, கொழுந்து முற்றலாகப் பறிக்கப்பட்டது, லொறி மதகில் மோதப்பட்டது. யாரால் என்பதை, தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைக்கு எழுதும் விளக்கத்தில் நாங்கள் சேர்ப்பதில்லை. இது பெரிய கிளாக்கர் வகுத்த முறை.

"தப்ப எழுதுங்க தம்பி, ஆள எழுதாதீங்க. ஆளுக்குப் புள்ளகுட்டி இருக்கு" என்பார்.

ஆளை மறைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நான் நினைத்திருந்தேன். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலையே இருந்தது. உடைக்கப்பட்டது என்பதோடு 'கேர்லெஸ்லி' என்று சேர்த்தால், கவனமில்லாமல் உடைத்தவன் யார் என்று துரை மலையெல்லாம் தேடுவார். அதே இடத்தில் 'ஆக்ஸிடெண்டலி' என்று போட்டால், தற்செயல்தானே என்று ஓர் உறுமலோடு விட்டுவிடுவார். மோசமாக என்பதற்கு 'பேட்லி', லேசாக என்பதற்கு 'ஸ்லைட்லி'. குழம்புக்கு உப்புப் போடுகிற மாதிரி, பெரிய கிளாக்கர் பேனாவைக் கடித்துக்கொண்டு இந்தச் சொற்களை அளந்து அளந்து போடுவார். மதகில் மோதிய லொறியை 'ஸ்லைட்லி' காப்பாற்றியது. அதன் முன்பக்கம் அப்பளமாகிக் கிடந்தது வேறு விஷயம்.

தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், மேட்டு லயத்தில், புருஷனை இழந்த ஓர் அக்கா இருந்தார். மலையில் கொழுந்து பறிப்பார். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள், கொட்டகையில் ஒரு பசு. அந்தப் பசுவின் பாலில்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். எங்கள் ஆபீஸ் தேத்தண்ணிக்கும் அந்தப் பால்தான். தோட்டத்தில் மாடு வைத்திருக்கத் துரையின் அனுமதி வேண்டும். மாடு எதையாவது மேய்ந்து வைத்தால் அனுமதி போய்விடும்.

ஒரு நாள் காலையில் பார்த்தால், அந்தப் பசு கயிற்றை அவிழ்த்துக்கொண்டு துரையின் பங்களாத் தோட்டத்துக்குள் போய் வந்திருந்தது. நுவரெலியாப் பூக்காட்சிக்கென்று துரையின் மனைவி, துரைசாணி, வளர்த்த டேலியாச் செடிகளில் குச்சிதான் மிச்சம். யார் மாடு என்று லயத்துக்கே தெரியும். எங்களுக்கும் தெரியும். வாயைத் திறப்போமா?

"பார்ட்லி போடலாங்களா? பாதி தின்னுச்சுன்னு?" என்று கேட்டேன்.

"பாதின்னா மிச்சப் பாதி எங்கேன்னு கேப்பாரு. ஸ்லைட்லி போடுங்க."

டேலியாக்கள் லேசாகத் தின்னப்பட்டன என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதிக் கொடுத்தேன். துரை அதை வாசித்தார். எழுந்து வெளியே போனார். திரும்பி வந்து, இலைகூட இல்லாத ஒரு தண்டை எங்கள் மேசைமேல் வைத்தார்.

"இது ஸ்லைட்லி?"

யார் மாடு என்று கேட்டார். பெரிய கிளாக்கர் கூரையைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். துரை தன் தோட்டத்துத் தமிழை எடுத்தார்.

"நீ சொல்றது இல்ல? சரி. லயத்து மாடு எல்லாம் வெளிய போ! சனிக்கெழம ஒரு மாடு இருக்கக் கூடாது!"

ஒரு மாட்டை மறைக்கப் போய் லயத்து மாடு அத்தனைக்கும் ஆபத்து வந்துவிட்டது. பெரிய கிளாக்கருக்கு அன்று சோறு இறங்கவில்லை. எனக்கும்தான்.

மறுநாள் விடியற்காலைப் பெரட்டில், ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் நேரத்தில், அந்த அக்கா வரிசையை விட்டு முன்னால் வந்தார்.

"தின்னது என் மாடுதாங்க தொரை. நான்தான் கயித்த சரியாக் கட்டல. மத்தவங்க மாட்ட விட்டுருங்க. ஆனா பங்களா கேட்டு தெறந்து கெடந்துச்சுங்க. இல்லாட்டி மாடு எப்பிடிங்க உள்ள போகும்?"

மாடு மேய்ந்த அந்த ராத்திரி பங்களாக் காவல்காரருக்கு லீவு. கிளப்பிலிருந்து காரில் வந்து கேட்டைத் திறந்தவர் துரை ஒருவர்தான். திறந்தவர் சாத்தவில்லை என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் அந்த நிமிடமே புரிந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. என் வயிறு மட்டும் உள்ளுக்குள் குலுங்கியது.

துரையின் முகம் காது வரைக்கும் சிவந்தது. விறுவிறுவென்று ஆபீசுக்குள் வந்தார். மாடுகள் இருக்கட்டும், அவளுடையதும் இருக்கட்டும், நல்ல கயிறாகக் கட்டச் சொல் என்றார். பிறகு என்னைத் தோட்டத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லி, தானே இரண்டு வரி சொன்னார். முதல் வரி, இன்னாருடைய மாடு அவரால் கேர்லெஸ்லி கட்டப்பட்டது. இரண்டாவது வரி, கேட் ஆக்ஸிடெண்டலி திறந்து விடப்பட்டது.

யாரால் என்று நான் பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தேன். துரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெரிய கிளாக்கர் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். முற்றுப்புள்ளி வைத்தேன்.

சாயங்காலம் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு அந்த அக்கா ஆபீஸ் வாசலுக்கு வந்தார்.

"என்னாங்க எழுதினாங்க, சின்ன கிளாக்கரய்யா?"

வரிக்கு வரி தமிழில் சொன்னேன். முதல் வரியில் அவர் பேர் வந்தபோது தலையை ஆட்டிக்கொண்டார். இரண்டாவது வரி முடிந்த பிறகும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார், இன்னும் ஒரு பேர் வரும் என்று.

"அவ்வளவுதாங்க்கா" என்றேன். எனக்கு வெட்கமாகவும் கோபமாகவும் இருந்தது.

"மாடு இருக்குமில்ல?"

"இருக்கும்."

"அப்பச் சரிங்க" என்று சொல்லிவிட்டு, பால் கறக்க நேரமாகிவிட்டதென்று லயத்துக்கு ஏறிப் போனார்.