கூறைப் புடவைக்கு மேலே ஒரு விமானம்

என் மனைவியின் தம்பி விமானப்படையில் சரக்கு விமானம் ஓட்டுகிறவன். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று எனக்கு உண்டு. எங்கள் வீட்டுக்கு மேலே அவன் ஓட்ட ஆரம்பித்ததோடு அது முடிந்தது.

கடல் பொங்கி மூன்றாம் வருஷம், பங்குனி மாதம். சிதம்பரத்திலிருந்து கீரப்பாளையம் போகிற பக்கம், வயல்களுக்கு நடுவே முளைத்த ஒரு புது நகரில் வீடு கட்டிக் குடிவந்திருந்தோம். மச்சான் போன் செய்தான்.

“மாமா, வியாழக்கிழமை காலைல பயிற்சிக்கு உங்க பக்கமாத்தான் வரோம். மொட்ட மாடில செவப்பா எதுனா விரிச்சு வைங்க. வீடு தெரியும்.”

என் மனைவி பெட்டியைத் திறந்து கல்யாணக் கூறைப் புடவையை எடுத்தாள். கல்யாணத்துக்குப் பிறகு என் கண்ணிலேயே அதிகம் காட்டாத புடவை. அதை மாடியில் விரித்து, மூலைக்கு ஒரு செங்கல் வைத்தாள். பக்கத்தில் ஒரு பழைய வேட்டியின் மேல், காலையில் ஊற்றிய ஜவ்வரிசி வடாம் ஈரம் போகாமல் கிடந்தது. அக்கம்பக்கத்து மாடிகளிலும் ஆட்கள் ஏறிவிட்டார்கள். சாமி ஊர்வலத்துக்குக் காத்திருக்கிற முகம் எல்லோருக்கும்.

முதலில் கோபுரங்கள் பக்கம் புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. அப்புறம் உள்ளங்காலில் ஏதோ அதிர்ந்தது. காதுக்குச் சத்தம் வருவதற்குள், தென்னை மரங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு வீடே எழுந்து எங்களை நோக்கி வந்தது. அதன் அடிவயிற்றில் எண்ணெய் வழிந்த கோடு தெரிந்தது. சக்கரக் கதவின் ஆணிகள் தெரிந்தன. தரையில் நிற்கிற ஒரு குடும்பஸ்தனுக்குத் தெரியவே கூடாத விஷயங்கள் இவை.

நான் என்ன செய்தேன் என்பதை என் மனைவி இன்றுவரை எல்லா விசேஷத்திலும் சொல்லி வருவதால் மறைத்துப் பயனில்லை. குப்புற விழுந்தேன். விழுந்த இடம் வடாம்.

அக்கம்பக்கம் கைதட்டியது. நான் எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் கீழேயிருந்து அந்தக் குரல் கேட்டது.

“கடலு வருது! ஓடுங்க, கடலு வருது!”

கைப்பிடிச் சுவரில் மழைத்தண்ணீர் போக விட்ட ஓட்டை என் மூக்குக்கு நேரே இருந்தது. அதன் வழியாகப் பார்த்தேன். வயலில் உளுந்து பிடுங்கிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு ரோட்டை நோக்கி ஓடினாள். கடலோரத்திலிருந்து கூலிக்கு வந்தவள். அந்தப் பக்கம் செங்கல் லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. அவள் இருபுறமும் பார்க்கவில்லை. பின்னால்தான் பார்த்துக்கொண்டே ஓடினாள். லாரி கிறீச்சிட்டு நின்றது. அவளுக்கும் லாரிக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும்.

மாடிகளில் நிமிர்ந்து நின்றவர்கள் எல்லோரும் வானத்துக்குக் கையாட்டிக்கொண்டிருந்தார்கள். விழுந்து கிடந்தவன் மட்டும்தான் இதைப் பார்த்தான்.

சாயங்காலம் மச்சான் போனில் வந்தான். “எப்டி மாமா இருந்துச்சு?”

“வேணாம் மச்சான். ஒரு பொம்பள கொழந்தையோட லாரிக்கு முன்னால ஓடிட்டா. நானே பாத்தேன்.”

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. “வடாம் மேட்டர அக்கா சொல்லிடுச்சு. பயந்தா பயந்தேன்னு சொல்லுங்க மாமா. அதுக்கு எதுக்கு லாரி, பொம்பளன்னு கதை உடுறீங்க? வண்டி என் கையில இருக்கு. பயமா இருந்தா கண்ண மூடிக்குங்க. அடுத்த தடவ இன்னும் எறங்கி வந்து, புடவையில எத்தினி கட்டம்னு எண்ணிச் சொல்றேன்.”

எதையும் வேடிக்கையாகவே சொல்லிப் பழகியவன் ஒருநாள் உண்மையைச் சொன்னால் இதுதான் கதி.

அடுத்த தடவை! அன்றிலிருந்து பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால் மேலே பார்த்தேன். விமானம் விழுந்தால் எந்தப் பக்கம் விழும் என்று யோசித்து, கட்டிலை வடக்குச் சுவரோரம் நகர்த்தினேன். மற்ற நேரங்களில் அந்த லாரியின் பிரேக் சத்தம் கேட்டது. அந்தக் குழந்தைக்கா, மச்சானுக்கா, யாருக்கு முதலில் ஆபத்து என்று தெரியவில்லை. மனைவியிடம் சொன்னால், “என் தம்பிக்கு ஓட்டத் தெரியாதா?” என்றாள்.

வைகாசியில் அவன் லீவில் வந்தான். திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிற அவன் அம்மாவைப் பார்க்க, நானும் அவனும் கடலூருக்கு பஸ் ஏறினோம். தனியார் பஸ். நான் தினமும் ஆபீசுக்குப் போகிற வழிதான் அது. எப்போதும் கடைசி சீட்டில், கண்ணை மூடிக்கொண்டு போவேன். மச்சானுக்கு முன்சீட்டுதான் வேண்டுமாம். என்னையும் டிரைவர் பக்கத்திலேயே உட்காரவைத்தான்.

வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும் எங்களுக்கு முன்னால் வேறொரு பஸ் தெரிந்தது. அடுத்த நிறுத்தத்து ஜனங்களை அது அள்ளிக்கொள்வதற்குள் முந்த வேண்டும். எங்கள் டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. எதிரே கரும்பு டிராக்டர் வந்தது. பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து மண்ணில் இறங்கிப் போனது. என் தொடையை ஏதோ கவ்வியது. குனிந்து பார்த்தேன். மச்சானின் கை.

“அண்ணே, கொஞ்சம் மெதுவா போங்களேன்,” என்றான். குரல் கீச்சென்று வந்தது.

டிரைவர் திரும்பிப் பார்த்தே பதில் சொன்னார். அதுதான் இன்னும் பயம். “வண்டி நம்ம கையில இருக்கு சார். பயமா இருந்தா கண்ண மூடிக்குங்க.”

சாமி சத்தியமாக நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவன் கையின் மேல் என் கையையும் வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன்.

புதுச்சத்திரத்துக்கு முன்னால், ரோட்டோரம் கூடையோடு நின்ற ஒரு பெண் பஸ்ஸைப் பார்த்துப் பள்ளத்தில் குதித்தாள். மச்சான் எழுந்து, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பின்னால் பார்த்தான்.

“ஒன்னும் ஆவலையே மாமா அவுங்களுக்கு?”

டிரைவர் பார்க்கவில்லை. அவருக்கு முன்னால் ரோடு இருந்தது.

கடலூரில் இறங்கி டீ வாங்கினோம்.

“அன்னிக்கு வயல்ல ஓடினாங்கன்னு சொன்னீங்களே. நெசமாவா மாமா?”

“நெசந்தான்.”

“கொழந்தை?”

“இடுப்புல இருந்துச்சு.”

என் வாயில் ஒரு கிண்டல் தயாராக இருந்தது. அதை டீயோடு விழுங்கினேன். அவன் குடிக்காமலேயே டம்ளரை வைத்தான்.

ஐப்பசியில் மறுபடியும் போன் வந்தது, வருகிறானாம். கூறைப் புடவை மாடிக்கு ஏறியது. அக்கம்பக்கமும் ஏறியது. வெகுநேரம் கழித்து, மேகத்தை ஒட்டி ஒரு சின்னப் புள்ளி மெல்ல ஊர்ந்து தெற்கே போனது. கொசு அளவுக்குத்தான் சத்தம்.

“ஏங்க, என்னங்க இவ்ளோ மேல போறான்? புடவை இல்ல, ஊரே தெரியாது அவனுக்கு! நீங்கதான் எதையோ சொல்லிக் கெடுத்துட்டீங்க.” பதில் வராததால் சுற்றுமுற்றும் பார்த்தாள். “ஏங்க, எங்க இருக்கீங்க?”

தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இருந்தேன். போன் வந்த நாளிலிருந்தே இடம் பார்த்து வைத்திருந்தேன். அங்கிருந்து வயல் நன்றாகத் தெரிந்தது. களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் யாரும் தலை நிமிரவில்லை.