கப்பியில் கட்டிய குருத்தோலை

கிணற்றடியில் அன்று நின்றவர்கள் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள், ஒருவர்கூட இதைச் சரியாகச் சொல்லவில்லை. அடம்பன் ஊர்ப் பெரியப்பா, பெரியம்மா, அவர்களுடைய மகளான அக்கா, கிணறு இறைக்கக் கூலிக்கு வந்த இரண்டு பேர், எங்கள் கடற்கரை ஊரான பள்ளிமுனையிலிருந்து மோட்டார் சைக்கிளில் போன அப்பா, பின்னால் குந்தியிருந்து போன நான். அவ்வளவுதான். பாதர் அங்கே இல்லை. கன்னியாஸ்திரிகள் இல்லை. வெள்ளைக்காரர் எவரும் இல்லை. "நேரில் கண்டதைச் சொல்கிறேன்" என்று பிறகு முகநூலில் எழுதியவரும் இல்லை.

பெரியப்பா என்று நான் கூப்பிடுவது இரத்த உறவால் அல்ல. அவர்கள் சைவம், வயல்காரர். நாங்கள் கத்தோலிக்கர், கடல்காரர். போரில் இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில் ஒரே தறப்பாள் கூடாரத்தை நடுவில் ஒரு சேலையால் மறித்து இரண்டு குடும்பமும் இருந்தோம். எங்களிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதன்மேல் எங்கள் மாதா படமும் அவர்களின் பிள்ளையார் படமும் ஒன்றோடொன்று சாய்ந்து நின்றன. மத நல்லிணக்கம் என்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. வேறு பெட்டி இல்லை, அதுதான் காரணம்.

நாங்கள் முதலில் திரும்பினோம். பெரியப்பாவின் காணி கடைசியாகத்தான் விடப்பட்டது, கண்ணிவெடி எடுத்து முடியவில்லை என்றார்கள். விட்டபோது வீடு இல்லை, கிணறு இருந்தது. கிணற்றுக்குள் கூரைத் தகரம், கல், முறிந்த பனங்குற்றி, யாருடையதென்று தெரியாத ஒரு சைக்கிள். ஒரு சோடி எருமையை விற்றுத்தான் அவர் அதைத் துப்புரவாக்கினார். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எருமை விற்ற காசு. பிறகு எழுத வந்தவர்கள் அந்தக் காசுக்கு வேறு வேறு நாடுகளின் பெயர்களைச் சொன்னார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. குருத்தோலை ஞாயிறன்று கோவிலில் ஆசீர்வதித்துத் தரும் ஓலையை வீட்டுக்குக் கொண்டுவந்து சின்னச் சின்னச் சிலுவைகளாக மடிப்போம். ஒன்று வாசல் நிலைக்கு. மற்றவை தண்ணீருக்குப் போகிற சாமான்களுக்கு: வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் ஒன்று, புது எஞ்சினில் ஒன்று, புது வலையின் முதல் மிதப்பில் ஒன்று. அப்பாவைப் பொறுத்தவரை அது பிரசங்கம் அல்ல, நட்டை இறுக்குவது போன்ற ஒரு வேலை. இறுக்காவிட்டால் மனம் கேட்காது.

அன்று பெரியம்மா கிணற்றுக் கட்டில் சந்தனம் பூசி, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்தார். முதல் வாளி மேலே வந்தது. உப்புக் கரிக்கவில்லை. அப்பா சட்டைப் பையிலிருந்து குருத்தோலைச் சிலுவையை எடுத்துக் கப்பி தொங்குகிற மரத்தில் கட்டப் போய், பாதியில் நின்று, பெரியப்பாவைப் பார்த்தார்.

"தண்ணிச் சாமானுக்குக் கட்டாமல் விட்டுப் பழக்கமில்லை அண்ணை."

"கட்டு தம்பி, கட்டு. எங்கட ஆளும் நிக்கிறார், உங்கட ஆளும் நிக்கட்டும். தண்ணி வத்தாமல் இருந்தாச் சரி."

அக்கா தன் போனில் ஒரு படம் எடுத்தார். கப்பி, குருத்தோலை, வாளியோடு சிரிக்கிற பெரியப்பா, கிணற்றுக் கட்டில் எரிகிற கற்பூரம். எங்கள் கிணற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று எழுதி முகநூலில் போட்டார். சொந்தக்காரர் கொஞ்சப் பேர் விருப்பம் போட்டார்கள். அவ்வளவோடு அது முடிந்திருக்க வேண்டியது.

ஆவணியில் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இரண்டு தடவை இடம்பெயர்வால் தள்ளிப்போன வயது, நல்ல இடம், மாப்பிள்ளை ஆசிரியர். பெரியம்மா அந்தக் கல்யாணத்தைப் பற்றிச் சத்தமாகப் பேசவே பயப்படுவார்.

ஆனி மாதத்தில் அந்தப் படம் வேறொரு பக்கத்தில் வந்தது. பக்கத்துக்குப் பெயர் என்று ஒன்று இருந்தது, ஆனால் அது மனிதருக்கு வைக்கிற பெயர் அல்ல. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குத்துவிளக்கு. படத்தின் கீழ்ப்பாதியை வெட்டியிருந்தார்கள். கற்பூரம் போய்விட்டது, சந்தனம் போய்விட்டது. குருத்தோலையும் பெரியப்பாவின் சிரிப்பும் மட்டும் மிஞ்சியிருந்தன. மீள்குடியேறிய ஏழைச் சைவர்களுக்கு வெளிநாட்டுக் காசில் கிணறு வெட்டிக் கொடுத்து மதம் மாற்றுகிறார்கள், பாதிரியார் முன்னால் நிற்கத்தான் சிலுவை கட்டப்பட்டது, நேரில் கண்டேன் என்று எழுத்து. கீழே கருத்துகள். கிணற்றுத் தண்ணீருக்குச் சாமியை விற்ற குடும்பம் என்று ஒருவர். மீன் நாற்றம் பிடித்த சிலுவை என்று ஒருவர். இந்தத் தீவிலிருந்தே இவர்களைத் துரத்த வேண்டும் என்று ஒருவர். அவருடைய முகம் ஒரு தாமரைப் பூ.

அப்பா இரண்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் வரை படித்த முதல் ஆள் நான் என்பதால், எந்த அரசாங்கக் கந்தோர்க் கடிதம் வந்தாலும் நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். இதையும் வாசிக்கச் சொன்னார். சிலதை விழுங்கிவிட்டு வாசித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, எங்கள் ஊரில் எந்தக் கதைக்கும் முதலில் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"ஆர் இவன்? ஆற்ற மகன்?"

பெயர் போடாத பக்கம், யாரென்று தெரியாது என்றேன்.

"ஆரெண்டு தெரியாதவன் எங்களைத் தெரிஞ்ச மாதிரி எழுதுறான். வீடு எங்கையெண்டு கேள். நான் போய்க் கதைக்கிறன்."

"வீடு இல்லை அப்பா."

"வீடில்லாமல் ஆரும் இருப்பாங்களோ? முகாமில கூட எங்களுக்கு ஒரு இலக்கம் இருந்ததடா."

போலிக் கணக்கு என்றால் என்ன என்பதை அன்று அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன். கடைசியில், பேய் எழுதுகிறது என்று சொன்னால் அவருக்கு இலகுவாக விளங்கியிருக்கும் என்று தோன்றியது.

பிறகு நான் படித்தவன் செய்கிற வேலையைச் செய்தேன். என் சொந்தப் பெயரில், என் சொந்தப் படத்தோடு, நீளமாக ஒரு பதில் எழுதினேன். எருமை விற்றது, கற்பூரம் வெட்டப்பட்டது, குருத்தோலை வழக்கம், முகாம், தகரப் பெட்டி எல்லாம் எழுதினேன். எழுத்துப் பிழை இருக்கக்கூடாதென்று இரண்டு தரம் திருத்தினேன். முழுப்படத்தையும் இணைத்தேன். தாமரைப் பூ உடனே பதில் போட்டது: "வாசிக்க நேரமில்லை. பாதர் எவ்வளவு தந்தவர் தம்பி?" அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கிற மஞ்சள் முகங்கள். இன்னொருவர் என் பக்கத்துக்குள் போய், நான் சின்னப் பிள்ளையாகக் கோவிலில் முதல் நன்மை வாங்கிய படத்தைத் தேடியெடுத்து, குட்டிப் பாதிரி என்று போட்டார். என்னைப் பற்றி அவர்களுக்கு எல்லாம் தெரிந்தது. என் பெயர், பள்ளிக்கூடம், என் தங்கையின் முகம். அவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு குத்துவிளக்கும் ஒரு பூவும்தான். இதை விவாதம் என்று சொல்கிறார்கள்.

இந்த எரிச்சல் போதாதென்று என் மச்சான் உள்ளே இறங்கினான். தாய்மாமனின் மகன், கரையில் எஞ்சின் திருத்துகிறவன். சொந்தப் பெயரில் எழுதினால் மதிக்கமாட்டாங்கள் என்று என்னிடம் புத்தி சொல்லிவிட்டு, ஒரு சைவப் பெயரும் பனிமலைப் படமும் போட்டு ஒரு கணக்குத் திறந்தான். முதல் இரண்டு நாள் அந்தப் பனிமலைச் சைவர் கத்தோலிக்கரைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னார். மூன்றாம் நாள் யாரோ மாதாவைப் பற்றி ஒரு வார்த்தை எழுத, பனிமலை உருகிவிட்டது. சிவனையும் அம்மனையும் பற்றி அவன் எழுதியதை நான் இங்கே எழுதமாட்டேன். சிவராத்திரிக்கு நடந்து போகிறவர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் போட முதல் ஆளாகக் கிடுகு தூக்குகிறவன் அவன். போலிக் கணக்கிலும் அவன் ஒரு பிழை விட்டான். தன் சொந்தப் பக்கத்தில் போட்டிருந்த அதே மலைப் படத்தைத்தான் இதிலும் போட்டிருந்தான். ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். கிறிஸ்தவர்கள் பொய்ப் பெயருக்குப் பின்னால் ஒளிந்து நின்று தாக்குகிறார்கள் என்று குத்துவிளக்குப் பக்கம் மிகவும் மனம் வருந்தி எழுதியது. பெயரில்லாத பக்கம்.

அப்பா மச்சானை வீட்டுக்குக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினார். எழுதியதை வாசிக்கச் சொன்னார். அவன் போனை எடுத்தான். முதல் சொல்லை வாசித்தான். அம்மா குசினி வாசலில் நின்றார். இரண்டாம் சொல்லுக்கு வாய் வரவில்லை.

"மாமா, அது அங்க எழுதுறது. இங்க வாசிக்கிறதில்லை."

"அங்கையெண்டால் எங்க?"

அவன் போனைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். பிறகு கணக்கை மூடுவதாகச் சொல்லிவிட்டுப் போனான். மூடியும் விட்டான். ஆனால் அவன் எழுதியதைப் படமாக எடுத்தவர்கள் எதையும் மூடவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம். தாமரைப் பூவும் எங்கேயோ இப்படி ஒரு கதிரையில் இருக்கிற ஆளாக இருக்கலாம். ஊரில் நல்ல பிள்ளையாக இருக்கலாம். எங்களிடம் மீன் வாங்குகிறவராகக்கூட இருக்கலாம். அவரிடம் வாசித்துக் காட்டச் சொல்ல ஆளில்லை, அதுதான் வித்தியாசம். இது எனக்கு ஆறுதலாக இல்லை. சந்தையில் ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, இவரோ என்று யோசிக்கிற வியாதிதான் மிஞ்சியது.

ஆடி நடுவில் பெரியப்பா விடியற்காலையிலேயே பஸ் ஏறிப் பள்ளிமுனைக்கு வந்தார். மாப்பிள்ளையின் மூத்த தமையன் வெளிநாட்டில் இருப்பவர். கல்யாணச் செலவில் பாதி அவருடையது. அவருக்கு யாரோ அந்தப் பக்கத்தை அனுப்பியிருக்கிறார்கள். பெண் வீட்டார் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிவிட்டார்களா என்று கேட்டிருக்கிறார். இல்லை என்று பெரியப்பா பிள்ளையார் மேல் சத்தியம் செய்திருக்கிறார். தமையனும் நம்புகிறாராம். ஆனால் அங்குள்ள தங்கள் ஆட்கள் எல்லாரும் பார்த்துவிட்டார்களாம், அதனால் ஏதாவது செய்து காட்ட வேண்டுமாம். கிணற்றை முழுக்க இறைத்துவிட்டு, ஐயரைக் கொண்டு தோசம் நீங்கச் சாந்தி செய்து, அதை வீடியோவில் காட்டினால் கல்யாணம் நடக்கும். இல்லாவிட்டால் யோசிக்க வேண்டும்.

யோசிக்க வேண்டும் என்றால் என்ன என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அக்கா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்றார் பெரியப்பா. படம் போட்டது தான்தானே என்று சொல்லிச் சொல்லி அழுகிறாராம்.

ஆடியில் அடம்பன் பக்கம் கிணறுகள் எந்த அளவில் இருக்கும் என்பதை வெளிநாட்டுத் தமையனுக்கு யார் சொல்வது? மாடு நக்குகிற அளவு தண்ணீர். அதை இறைத்துவிட்டால் மழை வரும்வரை ஊற்று ஊறாது. கல்யாணத்துக்குச் சோறு வடிக்கிற தண்ணீர் அது. நான் கொதித்தேன். அந்தத் தமையனோடு நான் கதைக்கிறேன், எல்லாவற்றையும் ஆதாரத்தோடு அனுப்புகிறேன் என்றேன். பெரியப்பா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"நீ எழுதினதும் அவருக்குப் போயிட்டுது மகன். வடிவா எழுதியிருக்கிறாய். பாதருக்குத்தான் படிக்கிறியோ எண்டு கேட்டவர்."

அப்பா எழுந்தார். தான் இனி அந்தப் பக்கம் வரவில்லை, கல்யாணத்துக்கும் வரவில்லை, குருத்தோலையை அண்ணையே அவிழ்த்து எறிந்துவிடட்டும் என்றார். பெரியப்பாவுக்குக் கோபம் வந்தது அப்போதுதான்.

"நீ கட்டினதை நீ வந்து அவிழ். வேற ஆரும் தொட வேண்டாம். எறியிற சாமானோ அது? கல்யாணத்துக்கு வராட்டி முகாம் கதை எல்லாம் பொய்யெண்டு நான் பேஸ்புக்கில போடுவன்."

பெரியப்பாவுக்கு பேஸ்புக்கை எந்தப் பக்கத்தால் திறப்பதென்றும் தெரியாது.

சாந்தி நாளன்று, தண்ணீர் வந்த அன்று நின்ற அதே ஆட்கள் கிணற்றடியில் நின்றோம், ஐயர் ஒருவர் மட்டும் புதிது. ஓலை காய்ந்து பழுப்பாகியிருந்தது. அப்பா முடிச்சை நகத்தால் நெருடி நெருடி அவிழ்த்தார், அறுக்கவில்லை. அவிழ்த்ததைச் சட்டைப் பைக்குள் வைத்தார். பழைய குருத்தோலையை எறிவதில்லை, விபூதிப் புதனுக்குச் சாம்பலாக்கக் கோவிலில் கொடுக்க வேண்டும். எங்களுக்கும் விபூதி உண்டு என்று ஐயரிடம் சொல்ல வாயெடுத்தேன். விளங்கப்படுத்துகிற ஆசை என்னை இன்னும் விடவில்லை. ஐயர் என்னைப் பார்த்துச் சிரித்து, எனக்கு எல்லாம் தெரியும், கிணற்றில் தோசமில்லை, கேட்டவர்களுக்காகத்தான் செய்கிறேன் என்றார்.

பம்பு இரைந்தது. அக்கா போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார், உள்ளே வெளிநாட்டுத் தமையன் கம்பளிச் சட்டையோடு தெரிந்தார். நல்ல தண்ணீர் காய்ந்த வரம்பில் ஓடி, வெடிப்புக்குள் இறங்கிக் காணாமல் போனது. அப்பாவும் நானும் குழாயைப் பிடித்திருந்தோம். அடி மண் தெரிந்ததும், போதும் என்று போனுக்குள்ளிருந்து குரல் வந்தது. அவர் நன்றி சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார்.

கல்யாணம் நடந்தது. நாங்கள் போனோம், முன் வரிசையில் இருந்தோம். சோற்றுக்கும் கால் கழுவவும் பவுசர் லொறியில் தண்ணீர் வந்தது. குத்துவிளக்குப் பக்கத்துக்கு அக்கா சாந்தி வீடியோவை அனுப்பியிருந்தார். அவர்கள் அதைப் போடவில்லை. வெட்டிய படம் இன்னும் அங்கேயே இருக்கிறது. இப்போது அதன் கீழ் ஓலைத்தொடுவாய் என்ற ஊரில் ஏதோ ஒரு கோவிலைப் பற்றிச் சண்டை நடக்கிறது, கிணற்றை ஒருவருக்கும் நினைவில்லை.

கல்யாணம் முடிந்த மறுநாள் அப்பா சாந்தியால் வந்த செலவில் பாதியைக் கொடுக்கப் போனார். பெரியப்பா வாங்கவில்லை. அப்பா பெரியம்மாவின் அலுமாரியில் சேலைகளுக்கு இடையில் செருகிவிட்டு வந்தார். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து மொத்தச் செலவு, பம்புக்கும் மண்ணெண்ணெய்க்கும், ஐயருக்கும் பூசைச் சாமான்களுக்கும், பவுசர் தண்ணீருக்குமாக, முப்பத்தோராயிரத்து அறுநூறு ரூபா.