ஊறுகாய் போட்ட பக்கங்கள்

செல்போன் திரையில் இருக்கும் மாப்பிள்ளையின் முகத்தை ஒரு துண்டு லைனிங் துணியால் மூடிக்கொண்டுதான் ஸ்வர்ணலதா படத்தைப் பார்க்கிறார். முகம் ஒன்றும் சொல்லாதாம். பின்னால் இருக்கும் சுவர்தான் பேசுமாம். "சொந்த வூடுன்னு சொல்லிகினு கீறாங்க. இந்த ஜன்னல் கம்பிய நான் எங்கியோ பாத்துகீறேன்" என்று முனகியபடி படத்தை இணையத் தேடலில் போடுகிறார். சற்று நேரத்தில் அதே ஜன்னலும் அதே பச்சை கேட்டும் திருப்பதியில் வாடகைக்கு விடும் வீடுகளின் விளம்பரப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. பிளவுஸ் அளவு கொடுக்க வந்ததுபோல எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணின் தாய்க்கு முகம் தொங்கிப்போகிறது. ஸ்வர்ணலதாவுக்கோ பல்லெல்லாம் தெரிகிறது.

நகரி ரயில்வே ஸ்டேஷன் சாலையில் அவருடைய தையல் கடை. மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு பழைய லேப்டாப். அதன் மேல் எப்போதும் நூல் பிசிறு. நகரியிலிருந்து சத்தியவேடு வரை பெண் வைத்திருக்கும் குடும்பங்கள் ஜாதகம் பார்த்த கையோடு இங்கே வந்துவிடுகின்றன. ஜோசியர் இனி நடக்கப்போவதைச் சொல்கிறார்; இவர் இதுவரை நடந்ததைச் சொல்கிறார். பையன்களுக்கு இவரிடம்தான் பயம். இதற்கென்று கட்டணம் கிடையாது. "கல்யாணத்துல மொத பந்தில எனக்கு எல போடு, சாலு" என்பார், போதும் என்பதைத் தெலுங்கில்.

இந்த வேலைக்கு அவர் வைத்திருக்கும் பெயர் ரிசர்ச். எதிர்வீட்டுக்காரனான நான் ஒருமுறை வாய்தவறி 'வேவு' என்று சொல்லிவிட்டேன். என் மனைவியின் தீபாவளி பிளவுஸ் பொங்கலுக்குத்தான் வந்து சேர்ந்தது.

பையன்கள் எழுதியது, ரசித்தது, திட்டியது எல்லாவற்றையும் தோண்டி எடுப்பதோடு அவர் நிற்பதில்லை. இணையப் பக்கங்களை அப்படியே நகலெடுத்து வைக்கும் தளம் ஒன்று உண்டு. எழுதியவன் நாளை அழித்தாலும் நகல் அங்கே நிற்கும். கிடைத்த பக்கத்தை அதில் ஒன்றும், லேப்டாப்பில் ஒன்றுமாகப் போட்டுவிடுகிறார். "எப்பிடியும் அழிச்சிடுவான். அதான் ஒடனே ஊறுகா போட்டுட்டேன்" என்பது அவருடைய விளக்கம். லேப்டாப்பில் ஜாடிகளும் இருக்கின்றன: 'பரவால்ல', 'டவுட்டு', 'ஓடிப்போ'. முதல் ஜாடி அநேகமாகக் காலி.

ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் நல்ல வேலையில் இருந்த ஒருவன் 'ஓடிப்போ'வில் விழுந்ததற்குக் காரணம் பிரியாணி. சாப்பிட்ட ஓட்டலுக்கெல்லாம் ஒற்றை நட்சத்திரம் கொடுத்துத் திட்டி வைத்திருந்தான். "லெக் பீஸ் சின்னதா கீதுன்னு இந்தக் கத்து கத்தறான். நாளைக்கு வூட்ல கொழம்புல உப்பு கொறஞ்சா?" என்றார் ஸ்வர்ணலதா. பெண் வீட்டார் அன்றே வேறு இடம் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பிரியாணி உண்மையிலேயே எப்படி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

கணவர் தனசேகர் பின்கட்டில் பவர்லூம் ஓட்டுகிறார். "இவர கட்டிக்கினப்போ நெட்டே இல்ல. ரிசர்ச் பண்ணாத கட்டிக்கினேன்" என்று அவரை வைத்துக்கொண்டே சொல்வார். தறிச் சத்தத்தில் எதுவும் காதில் விழாத தனசேகர் ஆமாம் என்று தலையாட்டுவார்.

இந்த ஆவணியில் சோதனை சொந்த வீட்டுக்கே வந்தது. விஜயபுரத்தில் வேர்க்கடலை பயிரிடும் அண்ணன் ஜெகநாதனின் மகள் பவ்யா, ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். பிச்சாட்டூரில் யஸ்வந்த் என்று ஒரு பையன் இருப்பதாகத் தரகர் பக்கிரிசாமி பயோடேட்டா கொண்டுவந்தார். ஸ்வர்ணலதா லேப்டாப்பைத் திறந்தார். ஒன்றும் இல்லை. படம் இல்லை, கணக்கு இல்லை, யாருக்கும் ஒரு பிறந்தநாள் வாழ்த்துகூட இல்லை. பழைய நகல்களிலும் தேடினார். வெட்டிய துணிகள் தைக்காமல் கிடந்தன.

"ஒரு மனுசன் நெட்டுல ஒண்ணுமே இல்லாத எப்பிடிண்ணா கீறான்? எதையோ அழிச்சிகீறான்" என்று அண்ணனிடம் புலம்பினார்.

"குடி இல்ல, சீட்டாட்டம் இல்ல. நெட்டுல இல்லாததும் ஒரு குத்தமா லதா? வரச் சொல்லிட்டேன், நீயும் வந்துடு" என்றார் ஜெகநாதன்.

பெண் பார்க்க வருகிற அன்று துணைக்கு என்னையும் கூப்பிட்டார் ஸ்வர்ணலதா. பையனின் தாய் கோவிந்தம்மாள், மண்டல ஆபீசில் கம்ப்யூட்டரில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். கேசரித் தட்டைத் தொடாமல் கைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"இக்கட ஸ்வர்ணலதா எவரு?" என்று தெலுங்கில் கேட்டுவிட்டுத் தமிழுக்கு வந்தார். "நீதானாம்மா? இத கொஞ்சம் படி."

புத்தூரில் உள்ள ஒரு கல்யாண மண்டபத்துக்கு யாரோ எழுதிய விமர்சனம் அது. 'சாம்பார் வெறும் தண்ணி. மாப்பிள்ளை வீட்டுக்கு மட்டும் ரெண்டு அப்பளம். நாங்க துன்ன வரலியா? ஒரு ஸ்டாரே தண்டம்.' மேலே ஸ்வர்ணலதாவின் பெயரும் சிரித்த முகமும்.

"அது எம் பொண்ணு கல்யாணம்" என்றார் கோவிந்தம்மாள்.

"அத நான் அன்னிக்கே அழிச்சிட்டனே!" என்றார் ஸ்வர்ணலதா. சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது.

"அழிப்பன்னு தெரிஞ்சிதான் ஒடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சேன். பொண்ணு தேட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எம் பையனோடத எல்லாத்தையும் நானே கழுவித் தொடச்சிட்டேன். யாரு யார நோண்டிகினு கீறாங்களோ, யாருக்குத் தெரியும்?" கோவிந்தம்மாள் எழுந்தார். "எங்க வூட்டு சோத்த ஊருக்கே சிரிப்பா சிரிக்க வெச்சவங்களோட எப்பிடி சம்பந்தம் பண்றது? நட்றா யஸ்வந்த்."

ஜெகநாதன் கும்பிட்ட கையோடு வாசலை மறித்து நின்றார். தங்கையை ஒரு பார்வை பார்த்தார், திட்டியிருந்தால் பரவாயில்லை. எப்போதும் யாரிடமாவது குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருக்கும் ஸ்வர்ணலதாவின் குரல் அன்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"எம் வாயிக்காக பொண்ண வேணாம்னு சொல்லாதீங்கம்மா. நான் கல்யாணத்துக்கே வரல. ஃபோட்டோல கூட நிக்க மாட்டேன்."

"அத்த வராத எனக்கு இன்னா கல்யாணம்?" என்று அறைக்குள்ளிருந்து பவ்யா வெளியே வந்தாள். கண் கலங்கியிருந்தாலும் பேச்சு தெளிவாக இருந்தது. "நாங்க ரெண்டு பேரும் ஒரே கம்பெனி பஸ்ஸு. நான் நகரில ஏறுவேன், அவரு பிச்சாட்டூர்ல ஏறுவாரு. தரகருகிட்ட பயோடேட்டா குடுக்கச் சொன்னதே நாந்தான் நைனா."

ஜெகநாதன் கும்பிட்ட கையை இறக்கினார்.

"ஒரு மெசேஜ்கூட இல்லியேடி!" என்றார் ஸ்வர்ணலதா. கோபமா, தொழில் வருத்தமா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல்.

"நானும் தெனம் இவன் போன பாத்துகினுதான கீறேன்!" என்றார் கோவிந்தம்மாள்.

யஸ்வந்த் அப்போதுதான் முதன்முதலாக வாயைத் திறந்தான். "ரெண்டு வூட்லயும் இப்பிடின்னு தெரியும்மா. அதான் எல்லாத்தையும் வாயாலயே பேசிக்கினோம்."

முதலில் சிரித்தது ஜெகநாதன். கோவிந்தம்மாள் சிரிக்கவில்லை, ஆனால் உட்கார்ந்தார். கேசரித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ஸ்வர்ணலதாவைப் பார்க்காமலேயே சொன்னார்: "சாம்பார் தண்ணிதான்மா. சமையல்காரன் ஏமாத்திட்டான். அப்பளம் மட்டும் அபாண்டம்."

"எழுதியிருக்கக் கூடாதுதான்" என்றார் ஸ்வர்ணலதா. அப்பளத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

அன்றே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். கிளம்பும் நேரத்தில் கோவிந்தம்மாள் ஸ்வர்ணலதாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மறுபடியும் போனைத் திறந்தார். "ஒறவு ஆயிட்டோம். இத்த இன்னாத்துக்கு வெச்சிகினு? உங் கண்ணு முன்னாடியே அழிச்சிடறேன்" என்று குப்பைத்தொட்டிப் படத்தின்மேல் விரலைக் கொண்டுபோனார்.

ஸ்வர்ணலதா சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "இருங்க, இருங்க. மொதல்ல எனக்கு ஒண்ணு அனுப்புங்க. எங்கிட்ட காப்பி இல்ல" என்றவர், பிடித்த கையை விடாமலேயே மறு கையால் தன் போனை எடுத்து நீட்டினார்.