கலா பிழைக்கவைத்த குஞ்சு

கண்ணாயிக்கு வாய் பெரிசு, மனசு சின்னது என்று தலைச்சோலை மலைக்கிராமத்தில் யாராவது சொல்லியிருந்தால், அவர்கள் வம்சத்தையே இழுத்து வைத்துத் திட்டியிருப்பாள். இப்போது அதை அவளே தனக்குச் சொல்லிக்கொள்கிறாள். திருப்பித் திட்ட ஆளில்லை.

அவள் மகன் சிவக்குமார் எஸ்டேட்டில் மிளகு பறிக்க மரமேறி, வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டான். அவன் எழுந்து நடந்தால் சேவல் அறுப்பதாக முனியப்பனுக்கு நேர்ந்துகொண்டாள் கண்ணாயி. கடைச் சேவல் செல்லாது, வீட்டில் வளர்ந்ததாக இருக்க வேண்டும். கறுப்புக் குஞ்சு ஒன்றைப் பிடித்து, இது சேவல்தான் என்று தானே தீர்மானித்து, சாமிக்கு விட்டதற்கு அடையாளமாகக் காலில் மஞ்சள் நூல் கட்டினாள்.

கொஞ்ச நாளில் அதற்கு வெள்ளைக் கழிச்சல் கண்டது. சிறகு தொங்க, கண்ணை மூடிக்கொண்டு மூலையில் நின்றது. சாமிக்கு விட்டது செத்தால் மகன் கால் என்னாகும்? பக்கத்து வீட்டுக் கலாவிடமும் அதே வயசில் ஒரு கறுப்புக் குஞ்சு இருந்தது. நீல நூல் கட்டிய அது, கண்ணாயியின் கோழிகளோடுதான் காப்பிச் செடிகளுக்கடியில் மேயும். கண்ணாயி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு இரண்டு குஞ்சுகளின் நூலையும் மாற்றிக் கட்டினாள். இனிச் செத்தால் அது கலாவின் குஞ்சு. முனியப்பன் நூலை மட்டும்தான் பார்ப்பார் என்று எந்தத் தைரியத்தில் நினைத்தாளோ!

"ஏனுங்கக்கா, என்ற குஞ்சு இப்பிடிச் சொணங்கிப் போச்சே" என்று கலா கையில் ஏந்திக்கொண்டு வந்தாள்.

"பொழைக்காது. தூக்கி வீசிட்டு வேலயப் பாரு."

பிள்ளையில்லாத கலாவுக்கு வீச மனம் வரவில்லை. சின்ன வெங்காயமும் மஞ்சளும் அரைத்துப் பிழிந்து, அலகைத் திறந்து சொட்டுச் சொட்டாக விட்டாள். பின்பக்கம் ஒட்டிய எச்சத்தை வெந்நீர்த் துணியால் துடைத்தாள். காப்பிப் பழம் பறிக்கப் போகும்போதும் கூடையில் போட்டுக் கொண்டுபோனாள். பனி இறங்கினால் மாராப்புக்குள் வைத்துக்கொண்டாள். மற்றப் பெண்கள் கேலி செய்தபோது கண்ணாயியும் கூடச் சிரித்தாள். குஞ்சு தானாக ராகி கொத்திய அன்று, கலா ஓடிவந்து முதலில் சொன்னது இவளிடம்தான்.

மாதங்கள் போயின. கண்ணாயி வீட்டு மஞ்சள் நூல் குஞ்சு முட்டையிட்டது. கலாவுடையது கொண்டை சிவந்து கூரையேறிக் கூவியது. சிவக்குமாரும் ஊன்றுகோலைப் போட்டுவிட்டு நடந்துவிட்டான். நேர்த்திக்குச் சேவல் இல்லாமல் கண்ணாயி விழித்துக்கொண்டிருந்தபோது, கலா தன் சேவலை இடுக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"உங்களுது பெட்டயாப் போச்சுல்லங்க. இதும் ஊட்டுல வளந்ததுதானுங்க. வெச்சுக்குங்க."

"வேண்டாங் கலா. நீ பொழைக்க வெச்சது."

"இருக்கட்டுங்கக்கா. தம்பி நடக்கறதப் பாத்தா எனக்கு நொம்ப சந்தோசமுங்க."

உண்மை நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் கை நீண்டு சேவலை வாங்கிவிட்டது. அந்தக் கையைப் பார்க்கவே கண்ணாயிக்குக் கூசியது.

கோயிலில் பூசாரி ஐயாக்கண்ணு சேவலின் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். அது உடம்பை உலுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். நேர்த்தியில் குற்றம் இருந்தால் அசையாமல் நிற்கும். கண்ணாயி கண்ணை இறுக்கி மூடினாள். அசையாதே, அசையாதே என்று மனசுக்குள் கெஞ்சினாள். அது நின்றுவிட்டால் ஊர் கேட்கும், அப்போதாவது சொல்லித்தானே ஆக வேண்டும்.

முதல் தண்ணீருக்கே சேவல் சிலிர்த்து உலுக்கியது.

"உத்தரவு குடுத்துட்டாரு. ஒரு கொறையும் இல்ல தாயி" என்றார் பூசாரி.

சேவலை அறுப்பதைப் பார்க்கமாட்டாமல் திரும்பி நின்ற கலா, கண்ணாயியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்கக்கா கை இப்பிடி நடுங்குது?"

"குளுரு கண்ணு" என்றாள் கண்ணாயி.

கலா தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவள் தோளில் போர்த்திவிட்டாள்.