முந்திப் போட்டால் கிடைக்குமோ, ரீச்சர்?

ரொறன்ரோவில ரியூசன் ரீச்சர் எண்டால் கணக்குப் படிப்பிக்கிற வேலை எண்டு நம்பித்தான் நானும் இதில இறங்கினன். பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறது காற்பங்கு, தாய் தேப்பனுக்குப் பதில் சொல்லுறது முக்காற்பங்கு எண்டு ஒருத்தரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லேல்லை. தொண்ணூறுகளின்ர நடுப்பகுதி. ஸ்காபரோவில ஒரு பிளாசாவின்ர மேல்மாடி, கீழை மீன்கடை. பன்ரண்டு கதிரை, ஒரு வெள்ளைப்பலகை, என்ர தொண்டை. ஐப்பசி பிறந்தால் யூனிவர்சிற்றி ஃபோம்களோட சனம் படியேறத் தொடங்கும். கணக்கு ரீச்சருக்கு உலகத்தில உள்ள எல்லாக் கணக்கும் தெரியும் எண்டு எங்கட ஆக்களுக்கு ஒரு நம்பிக்கை. நீங்களும் ரியூசன் குடுத்தனீங்கள் எண்டால் சிரிக்காதேங்கோ, உங்கட வீட்டுப் போனும் உப்பிடித்தான் அடிச்சிருக்கும்.

அதில ஒரு வருசம், சிவபாதம் அண்ணை குடும்பத்தோட நான் பட்ட பாட்டை மட்டும் சொல்லுறன். மிச்சத்தைச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டியள்.

*ரெண்டு வட்டம்*

சிவபாதம் அண்ணை மார்க்கம் ரவுனில ஒரு ஒபிஸ் கட்டிடத்தில கிளீனிங் சுப்பவைசர். மகள் மதுரா ஹைஸ்கூல் கடைசி வருசம். நான் பலகையில பிழைவிட்டால் எல்லாருக்கும் முன்னால சொல்லாமல், வகுப்பு முடிய வந்து காதுக்குள்ள சொல்லுற பிள்ளை. அவளுக்கு அமெரிக்காவில ஒரு யூனிவர்சிற்றியில பௌதிகம் படிக்க ஆசை. பேர் வேண்டாம், கேட்டவுடனை எல்லாரும் "ஆ!" எண்டு வாய் திறக்கிற இடம். அவை அனுப்பின விளக்கப் புத்தகத்தைத் தலைமாட்டில வைச்சுக்கொண்டுதான் படுக்கிறவளாம். வசதியில்லாத பிள்ளையளின்ர செலவை அவையே பாப்பினம் எண்டும் அதில எழுதியிருந்தது. ஆனால் எடுக்கிறது கொஞ்சப் பேரைத்தான்.

ஒருநாள் தேப்பனும் மகளும் அந்தப் புத்தகத்தோட வந்திச்சினம். அதில ஒரு பக்கத்தில, கார்த்திகை பிறக்கிறதுக்குள்ள விண்ணப்பிச்சால் மார்கழி நடுவிலயே முடிவு சொல்லுவினம் எண்டு கிடந்தது. பிந்திப் போடுறவை சித்திரை வரைக்கும் காத்திருக்க வேணும். முந்திப் போடுறவையில எடுபடுகிற பங்கும் கூடவாம். சிவபாதம் அண்ணை கண்ணாடியைக் கழட்டிப்போட்டுக் கேட்டார், முந்திப் போட்டபடியால் கிடைக்குதோ, இல்லாட்டிக் கிடைக்கக்கூடிய கெட்டிக்காரர்தான் முந்திப் போடுகினமோ எண்டு. கேள்வி எண்டால் உதுவெல்லோ கேள்வி! நான் பலகையில ரெண்டு வட்டம் கீறினன். ஒண்டுக்குள்ள ஒண்டைப் போட்டன், அழிச்சன், பக்கத்தில போட்டன், அதையும் அழிச்சன். அரைமணித்தியாலத்தால எனக்கு இது விளங்கேல்லை எண்டு வெக்கத்தை விட்டுச் சொன்னன். மனுசன் கவலைப்படுவார் எண்டு பாத்தால் முகம் மலர்ந்து போச்சு.

"கணக்கு ரீச்சருக்கே விளங்கேல்லை எண்டால், அது திறமான யூனிவர்சிற்றியாத்தான் இருக்க வேணும்."

*ஒரு வீட்டுக்குத்தான் வாக்கு*

அடுத்த கிழமை தாய் தேவியும் வந்தா. சிவபாதம் அண்ணை ஒரு பேப்பரில நாலு யூனிவர்சிற்றியின்ர பேரை எழுதிக்கொண்டு வந்திருந்தார். நாலுக்கும் முந்திப் போடுவமாம், ஒண்டெண்டாலும் கொழுவுமாம். நான் புத்தகத்தை விரிச்சுக் காட்டினன். முந்திப் போடுறதெண்டால் ஒரேயொரு இடத்துக்குத்தான் போடலாம். அவை ஓம் எண்டால் நாங்கள் போய்த்தான் தீரவேணும், மற்ற இடங்களுக்குப் போட்டதெல்லாத்தையும் வேண்டாம் எண்டு எழுதிக் குடுக்க வேணும். பிள்ளை, பெற்றார், பள்ளிக்கூடம் எண்டு மூண்டு கையெழுத்தும் வைச்சால்தான் அனுப்பலாம். மதுரா பேனை மூடியைக் கழட்டிக் கழட்டிப் பூட்டிக்கொண்டிருந்தாள். தேப்பன் கையெழுத்து வைப்பாரோ மாட்டாரோ எண்டதுதான் அவளின்ர பயம்.

தேவி கனநேரம் யோசிச்சா. ஒரு கலியாணப் பேச்சுக்கால் போகேக்கை எவ்வளவு யோசிப்பினமோ அவ்வளவு யோசினை. கடைசியா, குரலைத் தணிச்சு என்னட்டைக் கேட்டா.

"அவை எங்களைப் பாக்கமுன்னமே நாங்கள் ஓம் எண்டு எழுதிக் குடுத்தால், பேந்து எங்களை மதிப்பினமோ ரீச்சர்?"

*பிறம்ரன் விலாசம்*

கையெழுத்து வைக்க முதல் சிவபாதம் அண்ணை தனியா வந்தார். கதவைச் சாத்திப்போட்டு இருந்தவர் தன்ர கதையைச் சொன்னார். ஊரில யூனிவர்சிற்றி போறதுக்கு ஏஎல் சோதினை எடுத்தவர். இஞ்சினியரிங்குக்குப் புள்ளி காணும் எண்டு வீட்டில கோழி அடிச்சுச் சமைச்சிருக்கினம். அந்த நாளையில மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி வேறையெல்லே. யாழ்ப்பாணத்துக்குப் புள்ளி காணாது எண்டு கடிதம் வந்திட்டுது. அவரோட ஒரே வாங்கில இருந்து படிச்ச பெடியன் மாமன் வீட்டு விலாசத்தில மன்னாரிலயிருந்து சோதினை எடுத்தவனாம். இவரைவிடக் குறைச்சல் புள்ளி, ஆனால் அவன் இஞ்சினியர். இதைச் சொல்லேக்கை மனுசனுக்குக் கோவமும் வரேல்லை, அழுகையும் வரேல்லை. பஸ் நேரம் சொல்லுற மாதிரிச் சொன்னார்.

அதுக்குப் பிறகு வந்தது பாருங்கோ விசயம், அவர் போட்ட கணக்கு. ஸ்காபரோவில தமிழ்ப் பிள்ளையள் கூட, பக்கத்து ரூஜ் பகுதியிலயும் வீடு வீடாப் படிக்குதுகள், அதால இஞ்சத்தை வெட்டுப்புள்ளி ஏறியிருக்கும். ரொறன்ரோவுக்கு மற்றப் பக்கம், பிறம்ரனில அவரின்ர மச்சான் குலம் இருக்கிறார், அங்கை எங்கட ஆக்கள் குறைவு, எல்லாரும் வெயர்ஹவுஸ், ட்ரக் எண்டு வேலைக்குப் போறவை. மதுராவை அந்த விலாசத்தில போட்டால் என்ன? நான் தலையில கை வைச்சன். அண்ணை, அமெரிக்காக்காரனுக்கு ஸ்காபரோவும் ஒண்டு, பிறம்ரனும் ஒண்டு, அவன் ரெண்டையும் கண்டதில்லை, உப்பிடி ஒரு கணக்கு அங்கை இல்லவே இல்லை எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னன். எல்லாத்துக்கும் தலையாட்டினார். கையெழுத்தும் வைச்சார். தபாலில போடுற பொறுப்பு தன்ர எண்டு கவரை வாங்கிக்கொண்டு எழும்பினவர், கதவடியில நிண்டு திரும்பிப் பாத்தார்.

"நீங்கள் படிப்பிச்சனீங்கள் ரீச்சர், நான் சோதினை எடுத்தனான். எங்கை ஆக்கள் குறைவோ அங்கைதான் புள்ளியும் குறைவு."

*மூண்டு வடை*

கார்த்திகை நடுவில ஒரு நேர்முகம் வந்தது. அந்த யூனிவர்சிற்றியில முந்திப் படிச்ச ஒரு வெள்ளைக்கார மனுசி, மார்க்கத்தில தன்ர ஒபிஸில வைச்சு மதுராவோட கதைப்பாவாம். பிள்ளையை மட்டும் அனுப்புங்கோ எண்டு நான் சொன்னன். எங்கட ஆக்கள் பிள்ளையைத் தனியா அனுப்புவினமோ? குடும்பமாப் போச்சினம். வெறுங்கையோட போறது மரியாதை இல்லை எண்டு தேவி விடிய எழும்பி உழுந்துவடை சுட்டு, அலுமினியத் தாளில சுத்திக் கொண்டு போயிருக்கிறா.

மூண்டு பேரும் அங்கையிருந்து நேரா என்னட்டை வந்திச்சினம், மதுரா சொல்லேக்கை அழுகிறாளோ சிரிக்கிறாளோ எண்டு தெரியேல்லை. "ரீச்சர், இற் வாஸ் சோ எம்பரசிங். கருந்துளையைப் பற்றி நான் சொல்லிக்கொண்டிருக்கிறன், அவா வடையில ஏன் ஓட்டை எண்டு அம்மாட்டைக் கேக்கிறா." இது நல்லதோ கெட்டதோ? மனுசிக்குப் பிள்ளையைப் பிடிச்சதோ, வடையைப் பிடிச்சதோ? வடை கொண்டு வந்ததைக் கைக்கூலி எண்டு நினைச்சிருப்பாவோ? நாலு பேரும் வட்டமா இருந்து ஒரு மணித்தியாலம் ஆராய்ஞ்சம். கடைசியாத் தேவி பெருமூச்சு விட்டா.

"மூண்டு வடை சாப்பிட்டவா. எங்களில விருப்பத்தில சாப்பிட்டவாவோ, காலமை ஒண்டும் சாப்பிடாமல் வந்தவாவோ, அதுதான் எனக்குப் பிடிபடேல்லை."

*வராத கடிதம்*

மார்கழி நடு வந்தது, போனது. கடிதம் வரேல்லை. மதுராவின்ர வகுப்பில வேற ஒரு பிள்ளைக்கு வேற ஒரு அமெரிக்க யூனிவர்சிற்றியிலயிருந்து வந்திட்டுது. இவள் பள்ளிக்கூடத்தால ஓடி ஓடி வந்து தபால்பெட்டியைத் திறந்து பாக்கிறது, பேந்து என்னட்டை வந்து கடைசிக் கதிரையில இருக்கிறது. சின்னக் கூட்டல் கணக்குக்கூடப் பிழைக்கத் தொடங்கினாள். எனக்குப் பயம் பிடிச்சிட்டுது. இல்லை எண்டு சொல்லுறதுக்கும் ஒரு கடிதம் போடத்தானே வேணும்? அதைக்கூட இந்தப் பிள்ளைக்கு எழுத மனமில்லையோ? பொறுக்கேலாமல் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் என்ர போனிலயிருந்தே யூனிவர்சிற்றிக்கு எடுக்கச் சொல்லி மதுராவிட்டைச் சொன்னன். தேப்பனும் பக்கத்தில நிண்டவர். போனில முடிவு சொல்ல மாட்டினமாம், ஆனால் கடிதம் போய் ஒரு கிழமைக்கு மேலயாம். எந்த விலாசம் எண்டு மதுரா கேட்டாள். கேட்டுக்கொண்டிருந்தவள் மெல்லத் திரும்பித் தேப்பனைப் பாத்தாள்.

"அப்பா, வை பிறம்ரன்?"

சிவபாதம் அண்ணை நிலத்தைப் பாத்தார். ஃபோமில வெள்ளை மை பூசி மச்சானின்ர விலாசத்தை எழுதியிருக்கிறார் மனுசன்! பள்ளிக்கூடம் ஸ்காபரோவில, வீடு பிறம்ரனில. இந்தப் பிள்ளை ஒவ்வொருநாளும் எப்பிடிப் பறந்து வந்து படிக்குதெண்டு அவை யோசிச்சிருப்பினம். எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை. வாயைத் திறந்தால் என்ன வருமோ எண்டு பயந்து நானே போனைப் பறிச்சுக் குலத்துக்கு எடுத்தன். கடிதம் ஒண்டு வந்ததோ எண்டு கேட்டன். குலம் வலு ஆறுதலாத்தான் மறுமொழி சொன்னார்.

"ஓம், ஒரு தடிச்ச கவர் வந்தது. அமெரிக்காவிலயிருந்து எண்டபடியால் ஏதும் இமிகிறேசன் கரைச்சலாக்கும் எண்டு பயந்து, திறக்காமல் சாமிப்படத்துக்குப் பின்னால வைச்சிருக்கிறம்."

*ஒரு வரி*

சனிக்கிழமை காலமை எல்லாருமா ஒரு காரில பிறம்ரனுக்குப் போனம். கணக்கு ரீச்சருக்கு அங்கை என்ன வேலை எண்டு கேளாதேங்கோ, என்னாலயும் இருக்கேலாமல் போச்சு. குலம் கவரைக் கொண்டு வந்து மேசையில வைச்சார், மூலையில குங்குமம் பட்டிருந்தது. மதுரா கிழிச்சாள். முதல் வரியை வாசிச்சவள் சத்தம் போடாமல் தாயைக் கட்டிப்பிடிச்சாள். கிடைச்சிட்டுது. செலவுக்கும் உதவி செய்யினமாம். தேவி அழுதா, நானும் அழுதன். குலம் மட்டும், எங்கட விலாசம் ராசியான விலாசம் எண்டு எல்லாருக்கும் சோடா ஊத்தினார். இல்லையெண்டு நிரூபிக்க என்னட்டை ஒரு கணக்கும் இல்லை.

சிவபாதம் அண்ணை கடிதத்தை முதலிலயிருந்து கடைசி மட்டும் விரல் வைச்சு வாசிச்சார். கடைசித் தாளில, மற்ற இடங்களுக்குப் போட்ட விண்ணப்பங்களை உடனை விலக்க வேணும் எண்டிருந்தது. ஒன்ராறியோவில மூண்டு யூனிவர்சிற்றிக்கு ஒரே ஃபோமில போட்டிருந்தது. ஒரு வரி எழுதி மதுரா கையெழுத்து வைச்சால் காணும் எண்டு சொன்னன். மனுசன் கேக்கேல்லை. மூண்டு தாள் வாங்கினார், மூண்டு இடத்துக்கும் வேறை வேறையா, ஊர்க் கந்தோரில இருக்கிற கிளறிக்கல் சேவன்ற் மாதிரி உருட்டி உருட்டி எழுதத் தொடங்கினார். ஆழ்ந்த கவலையோட அறியத்தருகிறமாம், தயவுசெய்து குறை நினைக்க வேண்டாமாம், அந்த இடத்தை இன்னொரு பிள்ளைக்குக் குடுக்கச் சொல்லியுமாம். ஒரு மணித்தியாலமாச்சு. வெளியில சினோ கொட்டத் தொடங்கியிட்டுது. கெதியா முடியுங்கோ அண்ணை, றோட் மோசமாகப் போகுது எண்டு நான் அவசரப்படுத்தினன். அவர் பேனையைத் தாளிலயிருந்து எடுக்காமலே சொன்னார்.

"எனக்கு இடமில்லை எண்டு அவை எழுதின காயிதத்தை நான் வாசிச்சனான் ரீச்சர். வேண்டாம் எண்டு நான் எழுதுறது இதுதான் முதல் தரம். ஆறுதலா எழுத விடுங்கோ."

இத்தனை வருசம் நிகழ்தகவு படிப்பிச்சும் ஒரு பிள்ளை உள்ளுக்குப் போறது எதாலை எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது, அது தெரிஞ்ச ஆள் எண்டு என்னைத் தேடிப் படியேறி வாற சனம் மட்டும் இன்னும் குறையேல்லை.