சுவரோடு முடுக்கிய அலமாரி

கணபதி ஏரியாவுக்குக் குடிவந்த புதிதில், புத்தகம் அடுக்க உறுதியான அலமாரி தேடினேன். ஆன்லைனில் ஒருவர் தேக்கு அலமாரியைப் பாதி விலைக்கும் குறைவாகப் போட்டிருந்தார். கரையான் அரித்ததோ, திருட்டுப் பொருளோ என்று சந்தேகம். போனில் அவர் கேட்டது அதைவிட உறுத்தியது.

"ஏனுங்க, ஊட்டுல சின்னக் குழந்தைங்க இருக்குதுங்களா?"

"எதுக்குங்க கேக்கறீங்க?"

"நானே கொண்டாந்து வெச்சுத் தாரனுங்க."

அவர் வந்த அன்று பக்கத்து வீட்டு அக்காவைத் துணைக்கு உட்கார வைத்தேன். அலமாரியைத் தட்டிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. அவர் பையிலிருந்து ட்ரில்லிங் மெஷினை எடுத்தார்.

"வாடகை ஊடுங்க. சுவத்துல ஓட்டை போடக் கூடாது."

"ஊட்டுக்காரர்கிட்ட நான் பேசிக்கறனுங்க. எம் பொண்ணு ஏறறப்ப இது சாஞ்சுபோச்சுங்க. அவ இன்னும் சரியா நடக்கறதில்ல. வெச்சுக்கவும் முடியல, ஒடைக்கவும் மனசு வரலீங்க."

நானே சுவரைக் காட்டினேன். இரும்புப் பட்டைகளை முடுக்கி, தன் முழு பலத்தோடு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அவர் கிளம்பினார்.

அடுத்த மாதம் ஒருநாள், என் மகன் மேல்தட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். அலமாரி அசையவே இல்லை. அவனை இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அந்த மனிதருக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பியது அப்போதுதான் உறைத்தது.