கேசட்டின் கடைசியில் மச்சான்

எங்கள் வீட்டில் லினக்ஸுக்கு ‘ஓசி சாப்ட்வேர்’ என்று பெயர். வைத்தவர் மச்சான், என் அக்கா வீட்டுக்காரர். அக்காவை நாங்கள் லாத்தா என்போம். காரைக்காலில் எங்கள் குடும்பங்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து தங்குவார். அதனால் மச்சான் வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வரும்போதெல்லாம் எங்கள் மாடியறையில்தான் இருப்பார். கயிறு கட்டிய அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்.

“மாப்ள, நல்லா பாத்துக்க. இது கம்பெனி சாமான். ஸ்க்ரூ டிரைவரத் தூக்கிட்டு வந்தே, கைய ஒடிச்சிருவேன்.”

சொல்லிவிட்டு அஸர் தொழப் பள்ளிக்குப் போவார். திரும்பி வருவதற்குள் நான் பிரித்துப் போட்டிருப்பேன். ஒரு வருஷம் வெப்கேமரா, ஒரு வருஷம் கார்டு ரீடர். “அட பாவி, பேட்டரிகூடப் போட்டுப் பாக்கலியேடா!” என்று தலையில் அடித்துக்கொள்வார். அடுத்த விடுமுறைக்கும் ஏதாவது வாங்கி வருவார். பிரிப்பதற்காகவே வாங்கி வந்தார் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

மூடி வைத்த எதைக் கண்டாலும் எனக்கு எரிச்சல். உள்ளே என்ன ஓடுகிறது என்று தெரியாமல் ஒரு சாமானை எப்படி நம்புவது? அதனால்தான் கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சிடியைப் போட்ட நாளிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்தது. கம்ப்யூட்டரையே ஓட்டுகிற மென்பொருள் அது, எழுதியவர் எழுதியதை அப்படியே திறந்து வைத்திருக்கிறார், யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். இதுதான் சுதந்திரம் என்று நான் சோற்றுக்கு உட்கார்ந்தாலும் பேசினேன், சும்மா உட்கார்ந்தாலும் பேசினேன். ஆனால் எங்கள் கம்ப்யூட்டரில் இருந்த மோடம் லினக்ஸுக்கு மசியவே இல்லை. சவுண்டு கார்டும் நாளுக்கொரு சங்கடம் கொடுத்தது. மச்சான் விடுவாரா?

“இன்டர்நெட்டு வரல, பாட்டு வரல, பிரிண்டும் வரல. அப்புறம் அந்தச் சுதந்திரத்த வச்சு நாக்கா வழிக்கிறது?”

நான் முறைப்பேன். லாத்தா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள்.

கோட்டுச்சேரியில் ஒரு பிரௌசிங் சென்டரை நான் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. ஒருநாள் ஒரு போட்டோகிராபர் முகம் வெளிறி ஓடி வந்தார். நிக்காஹ் படமெல்லாம் இருந்த மெமரி கார்டைத் தெரியாமல் ஃபார்மேட் பண்ணிவிட்டாராம். கம்ப்யூட்டர் விஷயத்தில் அழிப்பது என்பது பாதிப் பொய். அந்த இடம் காலி என்று ஒரு குறிப்பு மாறும், அவ்வளவுதான். வேறொன்று வந்து அதன்மேல் உட்காரும்வரை பழையது அங்கேயேதான் கிடக்கும். ஓசி சாப்ட்வேர் ஒன்றை வைத்துப் படங்களை எடுத்துக் கொடுத்தேன். மனிதர் கண்கலங்கிவிட்டார். போகிற இடமெல்லாம் சொன்னார். அன்றிலிருந்து ஊரில் என் பெயர், அழிந்ததையும் எடுக்கிறவன்.

அந்தப் பெயர்தான் பிறகு என் கழுத்தைப் பிடித்தது.

மச்சானுக்கும் லாத்தாவுக்கும் கேசட் பழக்கம் உண்டு. வீட்டில் போன் இருந்தது. ஆனால் கூடத்தில் போன் மணி அடித்தால் உம்மா, வாப்பா, நான் என்று மொத்த வீடும் சுற்றி நிற்கும். அதில் புருஷன் பெண்சாதி என்னத்தைப் பேசுவது? அதனால் மச்சான் அங்கே தன் அறையில் டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு ஆற அமரப் பேசுவார். ஊருக்கு வருகிற யாராவது ஒருவர் கையில் கேசட் வரும். லாத்தா மாடியறையில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பாள். மறுபடி மறுபடி கேட்பாள். பிறகு அதே கேசட்டில், அவர் பேச்சின் மேலேயே, தன் பதிலைப் பதிவு செய்து போகிறவர் கையில் கொடுத்தனுப்புவாள். அவரும் அங்கே அப்படியே செய்வார். எத்தனையோ வருஷமாக ஒரே கேசட்தான்.

கஞ்சத்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். அது வெட்கம். பேசியதை வீட்டில் வைத்திருந்தால் என்றைக்காவது யாராவது போட்டுவிடுவார்கள். இருவருக்குள் பேசியது மூன்றாம் காதில் விழக் கூடாது. எங்கள் தெருவில் வேறு சில வீடுகளிலும் இதே வழக்கம் இருந்தது.

அந்த வருஷம் கேசட் வந்தது. லாத்தா கேட்டாள். பதிலும் பேசிவிட்டாள். கொண்டுபோக வேண்டியவரின் பயணம் தள்ளிப்போனதால் கேசட் பீரோவில் காத்திருந்தது. அப்போதுதான் ஒரு மதியம் லுஹர் பாங்கு சொல்லி முடித்த நேரத்தில் போன் வந்தது. மச்சான் தூக்கத்திலேயே மௌத்தாகிவிட்டார். நெஞ்சு அடைப்பு. ஜனாஸாவை அங்கேயே அடக்கிவிட்டார்கள். நாங்கள் யாரும் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருபிடி மண் போடவில்லை. எங்களுக்கு வந்ததெல்லாம் அந்த ஒரு போன்தான்.

லாத்தா இத்தாவில் இருந்தாள். புருஷன் இறந்த பெண் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்கிற காலம் அது. துக்கம் கேட்க வந்த பெண்கள்தான் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். “ஒன் தம்பிதான் அழிஞ்சதெல்லாம் எடுக்குறானாமே.” ஒரு மதியம் கேசட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். வெள்ளைச் சேலையில் அவளைப் பார்க்க எனக்கு இன்னும் பழகவில்லை.

“தம்பி, இதுல அவங்க பேசுனது இருந்துச்சு. நான்தான் அதுமேல பேசிட்டேன். கீழ இருக்குமில்ல? எடுத்துக் குடு வாப்பா.”

இருக்காது என்று எனக்குத் தெரியும். டேப் ரெக்கார்டரில் பதிவு செய்யும்போது ஒரு ஹெட் முன்னால் போய்ப் பழையதைத் துடைத்துவிடும், இன்னொன்று பின்னால் வந்து புதியதை எழுதும். கீழே என்று ஒன்று கிடையாது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை எந்த வாயால் சொல்வது? “பாக்குறேன் லாத்தா” என்றேன்.

“ஒண்ணு மட்டும். நான் பேசுனத நீ கேக்கக் கூடாது.”

“கேக்காம எப்படி லாத்தா எடுக்குறது?”

“அது எனக்குத் தெரியாது. ஒனக்குத்தான் எல்லாம் தெரியுமே.”

கேட்காமல்தான் எடுத்தேன். டேப் ரெக்கார்டரின் இயர்போன் ஓட்டையிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒயர் கொடுத்து, ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஓடவிட்டேன். திரையில் லாத்தாவின் குரல் கோடுகளாக வந்துகொண்டிருந்தது. எழும்பியது, தாழ்ந்தது, சில இடங்களில் நெடுநேரம் ஒன்றுமே இல்லை. அழுதிருப்பாளோ, சிரித்திருப்பாளோ, எனக்குத் தெரியாது. எதையும் திறந்து பார்த்தே பழகியவன், அன்று என் உடன்பிறந்தவளின் பேச்சுக்கு முன்னால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்தேன். ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். வேறு டேப் ரெக்கார்டர் இரவல் வாங்கினேன். ஒலி வேலைக்கான ஓசி மென்பொருளை எழுதுகிறவர்கள் கூடும் மடல் குழுவில் விஷயத்தைச் சொல்லிக் கேட்டேன். எந்த நாட்டுக்காரரோ ஒருவர் வெகு பொறுமையாக, ஏன் முடியாது என்று எழுதியிருந்தார். உங்கள் மச்சானுக்காக வருந்துகிறேன் என்றும் எழுதியிருந்தார். அவரைப் பார்த்ததில்லை, பார்க்கப்போவதுமில்லை. பிரௌசிங் சென்டரில் ஆட்கள் இருக்கும்போதே அழுதுவிட்டேன்.

ஆனால் ஒன்று கிடைத்தது. லாத்தாவின் கோடுகள் முடிகிற இடத்தில் ஒரு வெட்டு, அதற்கப்புறம் வேறு மாதிரிக் கோடுகள். அவள் பதில் அவர் பேச்சைவிடச் சற்றுச் சின்னது. மிச்சம் இருந்த வாலில் மச்சான் அப்படியே இருந்தார்.

அன்று சாயங்காலம் லாத்தாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கடைசிப் பகுதி மட்டும்தான் இருக்கிறது, மற்றது போனது போனதுதான் என்று சொன்னேன்.

“என்ன சொன்னாங்கன்னு எனக்கே தெரியும் தம்பி. அவங்க கேட்டதுக்கெல்லாம்தானே நான் வரிசையா பதில் சொல்லியிருக்கேன். மாடிய எடுத்துக் கட்டலாமான்னு கேட்டாங்க. முட்டி வலி எப்படி இருக்குன்னு கேட்டாங்க. பேச்சு இருக்கு. குரலுதான் இல்ல.”

ஹெட்போனை மாட்டிவிட்டேன். நானும் ஒரு காரியம் செய்திருந்தேன். பின்னால் ஒரே இரைச்சலாக இருந்ததால் மென்பொருளில் அதைச் சுத்தமாக எடுத்துவிட்டிருந்தேன். குரல் கண்ணாடி மாதிரி இருந்தது. அவளும் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். கேட்டவள் முகம் சுருங்கியது.

“அந்தச் சத்தம் எங்க?”

“எந்தச் சத்தம்?”

“உய்யுன்னு ஒரு சத்தம் வருமே. அவங்க ரூம்பு ஏசி. ‘இந்தக் கெழவன் ராவெல்லாம் கத்துறான், தூங்க விடமாட்டேங்குறான்’னு திட்டுவாங்க. அது இல்லாட்டி இது அவங்க ரூம்பே இல்ல தம்பி.”

பழையபடி மாற்றிக் கொடுத்தேன். அதை மாற்ற முடிந்தது. ஏசி இரைச்சலோடு மறுபடி கேட்டாள். கேட்டுக்கொண்டே ஒரு பக்கத்து ஹெட்போனை என் காதுப் பக்கம் திருப்பினாள்.

“சரி, சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாச்சு” என்றார் மச்சான். “டேப்பு இன்னும் கொஞ்சம் கெடக்கு. நிறுத்த மனசு வரல. ஓடட்டும்.”

பிறகு ஏசி மட்டும். ஒரு இருமல். டம்ளரை எங்கேயோ வைக்கிற சத்தம். டேப் தீரும்வரை அவர் பேசாமல் அங்கே உட்கார்ந்திருந்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு லாத்தா சொன்னாள். “நான் பேசுனத அழிச்சிரு. அது அவங்களுக்குச் சொன்னது. அவங்களே கேக்கல, வேற யாரு கேக்குறதுக்கு?”

“காப்பி ஒண்ணு வச்சிக்கலாம் லாத்தா.” எதற்கும் ஒரு நகல் வைத்துக்கொள்வது எங்கள் கம்ப்யூட்டர் ஆட்களின் மதம்.

“காப்பியும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஆனா அந்த எடத்த வெட்டிச் சேத்துராத. நான் பேசுன எடம் சும்மா ஓடட்டும். அதெல்லாம் அவங்க பேசிக்கிட்டிருந்த நேரம்.”

சொன்னபடியே கம்ப்யூட்டரிலும் கேசட்டிலும் அவள் பேசிய இடத்தை மட்டும் அழித்தேன். நீண்ட மௌனம், அதன் கடைசியில் மச்சான். அதை எம்பி3 பிளேயரில் ஏற்றிக் கொடுத்தேன். கட்டைவிரல் அளவு பிளேயர், அவர் எனக்காகக் கடைசியாக வாங்கி வந்தது. ஆச்சரியமாக அதை மட்டும் நான் பிரிக்காமல் வைத்திருந்தேன். கேசட்டை லாத்தா பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

இத்தா முடிந்த பிறகும் அவள் தினமும் மாடியறையில் போய் உட்கார்ந்து கேட்டாள். இந்தப் பட்டனை அழுத்தினால் நேரே கடைசிக்குப் போய்விடலாம் என்று காட்டிக்கொடுத்தேன். தலையாட்டினாளே தவிர ஒருநாளும் அழுத்தவில்லை. ஒன்றுமில்லாத அந்த இடம் முழுக்க ஓடி முடியும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அவருக்காகக் காத்திருந்தே பழகியவள்தானே.

ஒருநாள் பிளேயரைத் தூக்கிக்கொண்டு பதறி இறங்கி வந்தாள்.

“தம்பி, நின்னு போச்சு. இப்பத்தான் அவங்க வர்ற நேரம்.”

பென்சில் பேட்டரி தீர்ந்திருந்தது. வேறு போட்டேன். அந்தப் பிளேயர் நின்ற இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளாது, திரும்ப முதலிலிருந்துதான் தொடங்கும். கடைசிக்குத் தள்ளிக் கொடுக்கட்டுமா என்றேன்.

“வேணாம். மொதல்லேருந்தே வரட்டும்” என்று வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டு லாத்தா மாடிப்படி ஏறினாள்.